பாதி விதை

சாலவாக்கத்துக்கு மேற்கே, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்குப் பிடித்த மேட்டு நிலம். போன ஆனியில் ஞானசுந்தரியும் அவள் புருஷன் ஐசக்கும் அதில் போட்ட வேர்க்கடலை முளைத்த கையோடு கருகிப் போனது. விதைத்த பிறகு ஒரு மாதம் மழை எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து நிலத்து வேதாசலம் ஆடிக் கடைசியில்தான் விதைத்தார். அவருக்குக் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஊரே அவரைக் கெட்டிக்காரர் என்றது.

அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஞானசுந்தரியும் களை எடுக்கும் இடத்தில் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே மனசு ஒப்பல. மேகம் வெளுத்துக்கினு இருந்துச்சு."

போன ஆனியில் அவளோடு ஏர்ப் பின்னால் விதை போட்ட அம்முலு நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க ஒப்பல, அக்கா? பாட்டு பாடிக்கினே போட்ட. சாயங்காலமே இன்னொரு மழ வரும்னு நீதான் சொன்ன."

அம்முலு சொன்னது நிஜம். அன்றைக்கு மண்ணில் கையை விட்டால் அடிவரை ஈரம். வானம் கறுத்துக் கிடந்தது. வெளுத்த மேகம், பயிர் கருகின பிறகு ஞானசுந்தரி தானாக நினைத்துக்கொண்டது. வேதாசலம் பொறுத்திருந்ததும் யோசித்து அல்ல. அவர் மாட்டுக்குக் கால் வீங்கி ஏர் பூட்ட முடியவில்லை. இதையெல்லாம் எப்படி மறந்தோம் என்று தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

இந்த ஆனியிலும் மழை பெய்தது. ஐசக் அசையவில்லை.

"வேதாசலம் மாதிரி ஆடில போடலாம். போன வாட்டி அவசரப்பட்டுக் கெட்டோம்."

"அந்த ஈரத்துல யாரா இருந்தாலும் போட்டிருப்பாங்க. வெதச்சது தப்பு இல்லய்யா. வூட்ல ஒரு கொட்ட கூட வைக்காம மொத்தத்தயும் போட்டோம் பாரு, அதான் தப்பு."

"மறுபடி காஞ்சா ஊரு சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போவட்டும். நீ ஏருக்குச் சொல்லிட்டு வா."

பாதி நிலத்தில் அன்றே விதைத்தார்கள். மீதி விதையை அவள் தோலோடு பானையில் கட்டி வைத்து, ஆடியில் மறுபாதியில் போட்டாள்.

இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. ஆனியில் போட்டது நன்றாகக் காய்த்து, வெயில் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தது. ஆடியில் போட்டது கார்த்திகை அடைமழையில் சிக்கிப் பாதி அழுகியது. இந்த முறையும் ஆடியில் விதைத்த வேதாசலத்துக்கு நிலம் முழுக்க அதே கதி. அவர் வரப்பில் நின்று பெருமூச்சு விட்டார்.

"உனுக்கு மழ எப்ப வரும்னு முன்னாடியே தெரிஞ்சிகீது, ஞானசுந்தரி."

"தெரிஞ்சிருந்தா முழுசயும் ஆனிலயே போட்டிருப்பனே. தெரியாதுங்க. அதான் பாதிய வச்சிக்கினேன்."

"நான் அப்பவே சொன்னேன், ஆனிதான்…" என்று ஐசக் ஆரம்பித்தான். ஞானசுந்தரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சேற்றில் குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினான்.