அம்பாசடருக்கு மூன்று பெட்டிகள்

அப்புசாமி மாமாவின் அம்பாசடரில், டாஷ்போர்டுக்கு மெழுகு தேய்க்காமல் ஃபைபர் பூசியவன் நான்தான். பழியை வேறு யார்மேலாவது போடலாம் என்று பார்த்தால், காரில் பாட்டுப் பெட்டி பொருத்துகிற என் கடையில் முதலாளியும் நான், வேலையாளும் நான். பழி ஒரு சுற்று சுற்றிவிட்டு என் மடியிலேயே வந்து உட்கார்ந்தது.

அந்த வேலை இப்படி: காருக்குள் டேப்ரிக்கார்டர், ஈக்வலைசர், ஆம்ப்ளிஃபயர் மூன்றும் உட்கார ஒரு பெட்டி வேண்டும். டாஷ்போர்டின் அடி வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி பெட்டி கடையில் விற்காது. டாஷ்போர்டின் மேலேயே அச்சு எடுக்க வேண்டும். முதலில் மெழுகு பாலிஷ். அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் பசையில் அதை இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து பிரஷ்ஷால் பூசிக் காயவிட வேண்டும். மெழுகு இருந்தால் உரித்தவுடன் கையோடு வரும். இல்லாவிட்டால் எண்ணெய் காட்டாத கல்லில் ஊற்றிய தோசைதான்.

பாலிஷ் டப்பா பக்கத்திலேயே இருந்தது. நான் என் தங்கச்சி கல்யாணப் பந்திக்கு எத்தனை இலை போட வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே நேராக ரெசினைப் பூசிவிட்டேன். காய்ந்த பிறகு இழுத்தேன், வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, ஒரு காலைக் கதவில் உதைத்து இழுத்தேன். வந்தது. கூடவே இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்டும் வந்தது.

அப்புசாமி மாமா எட்டிப் பார்த்தார். வெறும் தகரம் பல்லிளித்தது.

"அதுக்கென்னங்க தம்பி, இரும்புதானுங்களே. பூசிக்கிட்டாப் போச்சு."

என் முதல் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. புதுக் காரின் நெற்றித் தோலை உரித்தவனை நாலு வார்த்தை திட்ட வேண்டாமா? திட்டியிருந்தால் நானும் நிம்மதியாகத் தலையைச் சொரிந்திருப்பேன். தலையைச் சொரிய வேறு காரணம் தேவையில்லை, ஃபைபர் தூள் உடம்பில் பட்டால் மூன்று நாளைக்கு அரிக்கும். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஓர் இரக்கம் இருந்தது. அது பெயிண்டைவிட அதிகமாக என்னை உரித்தது.

விஷயம் இதுதான். எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கச்சி சௌந்திரத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டியவன் நான். அவள் திருச்செங்கோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், இருபத்தாறு வயது, சாதிசனம் கூடுகிற இடத்திலெல்லாம் அவளுடைய வயதை அவளைவிடச் சரியாகச் சொல்ல ஆள் இருந்தது. எண்பத்து நாலாம் வருடம் தை மாதம் அப்புசாமி மாமாவின் மகன் கந்தவேலுக்குப் பேச்சு வந்தது. இரண்டு ரிக் வண்டி வைத்து, மாதக்கணக்கில் ஆந்திராப் பக்கம் போய் போர்க்கிணறு போடுகிற குடும்பம். பையன் வந்து பெண்ணைப் பார்த்தான், சரி என்றான். சௌந்திரமும் தலையாட்டினாள். அல்லது தலை ஆடியது, நான் சரி என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குள் காரில் பாட்டுப் பெட்டி வைக்க வேண்டும் என்று அப்புசாமி மாமாவே சொன்னார். தேதி மட்டும் பாக்கி.

டாஷ்போர்டுக்கு பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டு, இரண்டாவது பெட்டியைச் செய்தேன். இந்த முறை மெழுகை இரண்டு தடவை தேய்த்தேன். உப்புத்தாள் போட்டு இழைத்து, கறுப்படித்து, விளக்கெல்லாம் எரியவிட்டுப் பொருத்தினேன். என் கையால் செய்ததா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்புறம் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, தேதி பாத்துப்புடலாமுங்களா?"

"பாக்கலாமுங்க. இந்தப் பெட்டிதான் கொஞ்சம் எச்சாப் பளபளங்குது. கண்ணு கூசுதுங்க தம்பி."

"அதுக்கு ரெக்சின் ஒட்டிக்கலாமுங்க. தேதி?"

"ஆமாங்க, ரெக்சின் ஒட்டுங்க. பொறவு பாத்துக்கலாம்."

அவர் மனைவி ஆராயி அத்தை காப்பி கொடுத்தார். காப்பி கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உரிந்த டாஷ்போர்டைப் பார்த்த அன்றே சம்பந்தத்தை உரித்துவிட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஒரு டப்பா மெழுகுக்காக என் தங்கச்சியின் வாழ்க்கை நிற்கிறது. இதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தில் கடையில் ஒரு கஸ்டமரின் ஸ்பீக்கரைத் தலைகீழாகப் பொருத்தி அனுப்பினேன். அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டில் சௌந்திரத்திடம் கத்தினேன்.

"பளபளங்குதாம்! காருக்குப் பொட்டி செஞ்சா பளபளக்காம, அழுக்கா இருக்குமா?"

"விடுண்ணா. அவுங்களுக்குப் புடிக்கலீன்னா உட்டுரு."

"எப்புடி உடறது? நான்தானே கெடுத்தேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் ரெக்சின் வாங்கச் சேலத்துக்குப் பஸ் ஏறக் கிளம்பிவிட்டேன். பாவம், கவலையில் அவளுக்குப் பேச்சே வரவில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். அவர்கள்மேல் கோபம் இன்னும் ஒரு சுற்றுக் கூடியது.

ரெக்சின் பெட்டியைப் பொருத்தினேன். முழங்கால் இடிக்கிறதாம். அப்புசாமி மாமாவின் முழங்கால் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவர் வேண்டுமென்றே நகர்த்தி இடித்துக் காட்டினார். சரி என்று மூன்றாவது பெட்டி செய்தேன். ஒல்லியாக, ஓரம் மழுங்கலாக, கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்தாலும் இடிக்காத அளவுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தோட்டத்து வீட்டுக்குப் போனேன்.

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை எதுவும் கிடைக்காத மனிதனின் தவிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"கொஞ்சம்... கனமா இருக்குதுங்களோ தம்பி?"

பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கிக் களத்தில் ஓங்கி அடித்தேன். உடையவில்லை. மறுபடி எடுத்து அடித்தேன். குதித்து ஓடி மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன். அதுவும் எனக்குக் கோபம்.

"இது ஃபைபருங்க மாமா. இதைவிடக் கனம் கொறைஞ்சது வேணும்னா காத்துலதான் பொட்டி செய்யோணும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. என்ற தங்கச்சிய எதுக்குங்க பளபளப்புக்கும் முழங்காலுக்கும் நடுவுல தொங்க உட்டிருக்கறீங்க? நான் பெயிண்டை உரிச்சதுக்கு என்னைய செருப்பாலடிங்க, வாங்கிக்கறேன். அவ என்னங்க பண்ணினா?"

மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஆராயி அத்தையைப் பார்த்தார். அத்தை களத்துக்கு இறங்கி வந்தார்.

"பெயிண்டுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லீங்க சாமி. எங்களுக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்லீங்க. நீங்க போயி உங்க தங்கச்சியக் கேளுங்க. நாங்க வாக்குக் குடுத்திருக்கறோம், எங்க வாயால சொல்லமாட்டோம்."

இன்னொரு சுற்று வழி. ஆனால் இந்தத் தடவை சைக்கிளை எக்ஸ்சேஞ்சுக்கு விட்டேன். மிதிக்க மிதிக்கக் கோபம் ஆறவில்லை; யார்மேல் என்றுதான் இப்போது தெரியவில்லை.

ஷிஃப்ட் முடிந்து சௌந்திரம் வேப்பமரத்தடிக்கு வந்தாள். காதுக்கு மேலே ஹெட்ஃபோன் அழுத்திய தடம் இருந்தது.

"சாப்பிட்டியாண்ணா?"

"பேச்ச மாத்தாத. அவுங்ககிட்ட என்ன சொன்னே?"

அவள் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டு நின்றாள். "நீ மொத அச்சு எடுக்கப் போனீல்ல, அதுக்கு முந்தின நாளே அத்தைகிட்டச் சொல்லிட்டேன். அவுங்க மகனுக்கு டிரங்கால் போட்டுப் பேசி முடிச்சாங்க, ஆபரேட்டரா நான்தான் லைன்ல இருந்தேன். எங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். மறுநா நீ ரெசின் டப்பாவத் தூக்கிக்கிட்டு அங்க போயி நிக்கற. அவுங்க என்ன பண்ணுவாங்க?"

"அப்ப அந்தப் பளபளப்பு, முழங்கா...?"

"நீ தேதி கேட்டா அவுங்க எதையாச்சும் சொல்லோணுமில்ல. அவுங்க நல்லவங்கண்ணா."

நான் நல்லவர்களின் களத்தில் பெட்டியை இரண்டு தடவை அடித்துவிட்டு வந்திருந்தேன்.

"எங்கிட்டச் சொல்ல என்ன கேடு உனக்கு?"

"சொல்லத்தான் தெனமும் வந்தேன். நீ உப்புத்தாள் தேய்ச்சுக்கிட்டே பாடிக்கிட்டு இருப்பே. அப்பா செத்ததுக்கப்புறம் நீ பாடி நான் கேட்டதில்ல."

இதற்கு என்னிடம் கோபம் தயாராக இல்லை. இருந்தாலும் கொஞ்சம் தேடி எடுத்தேன்.

"பையன்கிட்ட என்ன கொறை?"

"ஒண்ணுமில்ல. ரிக்காரங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கு நான்தானே லைன் போட்டுக் குடுக்கறேன். புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒருத்தி சொல்லுவா, அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம்தான் கேக்கும். எப்ப வாரீங்கன்னு கேப்பா. பாக்கலாம்பாங்க. டைம் முடிஞ்சுபோச்சுன்னு நான் லைனை வெட்டோணும். அவர்கிட்டயும் கேட்டேன், வருசத்துல எத்தன மாசம் ஊட்ல இருப்பீங்கன்னு. பொய் சொல்லாம ரெண்டுன்னாரு."

ரோட்டில் ஒரு ரிக் வண்டி போனது. அது கிளப்பிய புழுதியைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டேன்.

"கொஞ்ச நா போனா மனசு மாறுமா அம்மிணி? நான் போயி மாமாவச் சமாதானம் பண்ணி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லட்டுமா?"

அவள் வாரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"மாறாதுண்ணா. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."