என் தப்பு எனக்கு

நானும் என் தங்கையும் இரட்டையர்கள். ஒரே வயிறு, ஒரே முகம், ஒரே சலவைக் கடை. மூளை மட்டும் ஒன்றில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பயப்படாதீங்க. வயசுக்கு மீறின லேசான மறதி. இப்படியே நிக்கலாம், கூடவும் செய்யலாம். வேலையை விடாதீங்க, பார்த்துச் செய்யுங்க."

சோதனைக்காக அவர் சொன்ன சொற்களில் எனக்குக் குடையும் பாலமும்தான் திரும்பி வந்தன. துணைக்கு வந்தவளோ பக்கத்தில் உட்கார்ந்து மொத்தத்தையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளை யார் கேட்டது? எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஆமாம், பொறாமைதான். கூடப் பிறந்தவள் மேலேயா என்று கேட்கிறவர்கள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

எங்கள் கடையில் சீட்டு கிடையாது. முகத்தைப் பார்த்தால் போதும், அவருடைய துணி தொங்கும் கொக்கிக்கு என் கை தானாகப் போகும். முன்மேசை என்னுடையது, உள்ளே இஸ்திரி அவளுடையது. டாக்டரைப் பார்த்த மறுநாளே அவள் எண் போட்ட மஞ்சள் வில்லைகளை வாங்கி வந்தாள். துணியில் ஒன்றைக் குத்தி, கொடுத்தவர் கையில் ஒன்றைத் தந்தாள்.

"எதுக்குடி இது?"

"சும்மா ஒரு வசதிக்குத்தான்க்கா."

வசதியாம்! அதோடு விட்டாளா? அடிக்கடி முன்மேசைக்கு வந்து நின்றாள். வருகிறவர்கள் அவளை நான் என்று நினைத்து, "உங்க ஞாபகசக்தியே தனிக்கா" என்றார்கள். அவளும் ஈயென்று இளித்தாள். நான் சம்பாதித்த பேர் நோகாமல் அவள் மடியில் விழுந்தது.

ஒரு நாள் எங்கள் வாடிக்கைக்காரரான வங்கிக்காரர் கோட்டும் கையுமாக வந்தார். முந்தின நாள் அதைக் கொடுத்தவள் நான். வில்லையைப் பார்க்கவில்லை. நானாவது, பார்ப்பதாவது!

"இதுக்குள்ள என்னை மாதிரி ரெண்டு பேர் நுழையலாம். இதைப் போட்டுக்கிட்டு மீட்டிங்ல உட்கார்ந்தேன். சிரிக்காத ஆளில்லை!"

நான் வாய் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "நான்தான் சார் குடுத்தேன். மன்னிச்சுக்குங்க."

முகம் ஒன்றுதானே, நம்பிவிட்டார். என்னைக் காட்டி, "இந்த அக்கா குடுத்திருந்தா இப்படி ஆயிருக்காது" என்றார்.

மனசு குளிர்ந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"என் பேரை எடுத்துக்கிட்ட, மேசையை எடுத்துக்கிட்ட. என் தப்பைக்கூட விட்டு வைக்க மாட்டியா?"

அவள் முகம் வெளிறியது. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"குடுத்தது நான்தான் சார். எனக்கு லேசா மறதி இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இனிமே என்கிட்ட துணி வாங்கினா, இங்கேயே ஒரு தடவை விரிச்சுப் பார்த்துடுங்க."

வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

தங்கை உள்ளே போய் அவருடைய கோட்டை எடுத்து வந்தாள். அவர் அதை என் கையில் கொடுக்கச் சொன்னார். நான் நீட்டினேன். விரித்துப் பார்த்தார்.

"என்னோடதுதான். அடுத்த தடவையும் நீங்களே குடுங்கக்கா, நான் பார்த்து வாங்கிக்கறேன்."

அவர் போனதும் டப்பாவிலிருந்து ஒரு மஞ்சள் வில்லையை எடுத்து என் சட்டைக் காலரில் குத்திக்கொண்டேன். "மஞ்சள் இருந்தா அது நான். இனி யாருக்கும் குழப்பம் வேண்டாம்."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். தானும் ஒரு வில்லையை எடுத்தாள். "நானும் குத்திக்கறேன்க்கா. நீ மட்டும் எதுக்குத் தனியா..."

பட்டென்று அவள் கையில் ஒன்று போட்டேன்.

"கீழே வைடி. இதுலயாவது எனக்குப் போட்டிக்கு வராதே."