மூக்காண்டியின் மணிக்கட்டு

சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைத் திங்கட்கிழமைதோறும் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பிச்சம்மாள்தான். அந்த வீட்டு மூக்காண்டி அண்ணாச்சிக்குக் கையில் சொறி என்று மருமகள் முத்துமாரி சொல்லியிருந்தாள். எண்பதை நெருங்கும் மனிதர்; நினைவு வேறு தடுமாறுகிறது. மண்ணைக் குழைத்துப் பூசினால் அந்தக் கோயில் அம்மன் கோமதியம்மாள் ஆற்றிவிடுவாள் என்பதில் பிச்சம்மாளுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

மூன்றாவது வாரம்தான் மனதில் ஏதோ உறுத்தியது. சொறி என்றால் முழங்கைக்கு ஏறியிருக்க வேண்டாமா? விரலிடுக்கில் இறங்கியிருக்க வேண்டாமா? இரண்டு மணிக்கட்டிலும் மட்டும், காப்பு மாட்டியதுபோல ஒரே அகலத்தில் மண் காய்ந்திருந்தது.

"அரிக்குதா அண்ணாச்சி?"

அவர் மருமகளைப் பார்த்தார். முத்துமாரி முந்திக்கொண்டாள். "ராத்திரி பூரா சொறியுதாரு யக்கா. சொன்னாக் கேட்டாத்தானே."

அன்றிலிருந்து பிச்சம்மாளின் காது நடுச்சுவரிலேயே இருந்தது. காலை எட்டு மணிக்கு முத்துமாரி விசைத்தறிக்குக் கிளம்புவாள். வெளிக்கதவில் பூட்டு விழும். முன்பெல்லாம் அதற்குப் பிறகும் உள்ளே செருப்புச் சத்தம் கேட்கும், குழாய் திறக்கும். இப்போது ஒன்றுமில்லை. ஒரு மனிதர் பகல் முழுக்க ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்க மாட்டாரா?

நல்ல பிள்ளையைத் தப்பாக நினைக்கிறோமோ என்று அம்மனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

மூக்காண்டி கட்டிலில் கிடந்தார். இரண்டு கைகளும் சேலைக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தன. வேட்டி நனைந்திருந்தது. தான் பக்தியோடு சுமந்துவந்த மண் இத்தனை நாள் எந்தத் தடத்தை மூடியது என்று பிச்சம்மாளுக்கு விளங்கியது.

"அண்ணாச்சி, நான் இங்கனதான் இருக்கேன்," என்றவள், முத்துமாரிக்குப் போன் போட்டாள். "ஏட்டி, இப்பவே வா. இல்லன்னா போலீஸ் வந்து பூட்டை உடைக்கும்."

தலையில் பஞ்சுத் தூசியோடு முத்துமாரி ஓடிவந்தாள்.

"ஏட்டி, கட்டிப்போட இவரு என்ன மாடா?" என்றாள் பிச்சம்மாள்.

"என்னை என்ன செய்யச் சொல்லுதீய? வீட்டுக்காரரு திருப்பூர்ல கெடக்காரு. இவரு வித்த காட்டை உழப் போறேன்னு ரெண்டு தடவ திருவேங்கடம் பஸ் ஏறிட்டாரு. போன மாசம் லாரிக்கு முன்னால போய் நின்னாரு. நான் லீவு போட்டா தறிக்கு வேற ஆளு வச்சிருவாவ."

"என்னைக் கூப்பிட வாய் வரலையா?"

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரில்லா."

பிச்சம்மாளுக்குச் சுருக்கென்றது. அதில் பொய் இல்லை.

முத்துமாரி கதவைத் திறக்க, பிச்சம்மாள் முடிச்சுகளை அவிழ்த்தாள். "நாளையிலேருந்து எங்கிட்ட விட்டுட்டுப் போ. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இந்த மறதிக்கு வழி கேப்போம். நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். ஆனா இன்னொரு தடவ கட்டினன்னா, முதியோர் உதவி எண்ணுக்கு நானே போன் போடுவேன். தெனமும் கையைப் பாப்பேன்."

"பாருங்க," என்றாள் முத்துமாரி. அது நிம்மதியா, கோபமா என்று பிச்சம்மாளால் பிரித்தறிய முடியவில்லை.

மறுநாள் காலை அவரைத் தன் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் இரண்டு கைகளையும் சேர்த்து, கட்டுவதற்கு வாகாக, அவள் முன்னால் நீட்டினார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த முத்துமாரி அப்படியே நின்றுவிட்டாள்.

பிச்சம்மாள் அந்தக் கைகளில் காபி டம்ளரை வைத்தாள்.

"சூடா இருக்கு அண்ணாச்சி. பையக் குடிங்க."