மடுவுக்குக் கட்டிய பெட்டி

குருநகரில் சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருப்பவரைச் சம்மாட்டியார் என்பார்கள். கிறிஸ்துநாயகம் சம்மாட்டியாருக்கு வள்ளங்களோடு ஓர் ஒஸ்ரின் காரும் இருந்தது. வள்ளங்களைப் பற்றிக் குறை சொல்ல ஊரில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை. காரைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் துணிவு இருக்கவில்லை.

அது வெளிநாட்டுச் சாமான்களுக்கு அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்த காலம். ஒரு பிளக் பழுதானால் கொழும்புக்கு ஆள் விட வேண்டும். ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்து கதை சொல்லுவான். அதனால் ஆவணி மாதத்து மடு மாதா கோயில் திருநாளுக்குக் காரில் புறப்படுகிறவர்கள் சோற்றுப் பொதியை மறந்தாலும் உதிரிப்பாகங்களை மறப்பதில்லை. சம்மாட்டியார் அந்தப் பெட்டியை அடுக்குகிற விதமே தனி. முற்றத்தில் வள்ளத்துப் பாய்ச்சீலையை விரித்து, சாமான்களை அதன் மேல் பரப்பி வைப்பார். பாரமானது அடியில், அவசரத்துக்கு வேண்டியது மேலே. ஜக், ஸ்பானர்கள், பிளக்குகள், கொயில், ரியூப் ஒட்டுகிற சாமான், றேடியேற்றர் ஹோஸ், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு துணிப்பொட்டலத்துக்குள் புதிய ஃபான் பெல்ற். எல்லாவற்றுக்கும் சுறா எண்ணெய் பூசுவார். துணியில் சுற்றியவற்றுக்குத் துணியின் மேலேயே ஊற்றுவார். உப்புக்காற்றிலிருந்து மரத்தையும் இரும்பையும் காப்பாற்ற அவருடைய தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் தெரிந்திருந்த ஒரே மருந்து அதுதான். பிறகு மூடியைப் பூட்டி, திறப்பைக் கழுத்தில் மாதா உத்தரியம் தொங்கும் கயிற்றோடு கோத்துக்கொண்டு, பெட்டியை நைலோன் கயிற்றால் வரிந்து கட்டுவார்.

"அண்ணை, உந்தப் பெட்டியை மேலை தூக்கிக் கட்டுங்கோ," என்றாள் தங்கை லூர்த்தம்மா. "மாதாவுக்குக் கொண்டுபோற பட்டும் சுறா மணக்குது."

"மாதா கடற்கரைச் சனத்தைக் காணாதவ இல்லை. அவவுக்கு மணக்காது. உனக்குத்தான் மணக்குது."

அன்று அவர் காலையிலேயே கோபமாக இருந்தார். காரணம் அந்தப் பெல்ற். மூன்று மாதத்துக்கு முன்னர் லூர்த்தம்மாவின் புருஷன் சந்தியோகு, தன் மீன் வானுக்குப் பெல்ற் அறுந்துவிட்டதென்று இரவல் கேட்டிருந்தான். கடலுக்கென்று கட்டின சாமானைக் கரையில் கைமாற்றக் கூடாது என்பது சம்மாட்டியாரின் சட்டம். தங்கை கண்ணைக் கசக்கியபடியால் சட்டத்தை முறித்துக் கொடுத்தார். சந்தியோகு வேறொரு பெல்ற் கிடைத்ததும், இரண்டாம் நாளே பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனாலும் முறித்த சட்டம் அவருக்கு மீன் முள்ளுப்போலத் தொண்டையில் நின்றது. அந்த முள்ளோடுதான் ஸ்ரியறிங்கைப் பிடித்தார். பக்கத்தில் மனைவி பெர்னடெட். பின்னால் தங்கையும் புருஷனும்.

சாவகச்சேரி, கொடிகாமம், பளை எல்லாம் நல்லபடியாகக் கழிந்தன. ஆனையிறவில், இருபுறமும் உப்பு வெளி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த இடத்தில், பொனற்றுக்குள் சாட்டை அடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. சிறிது தூரம் போவதற்குள் றேடியேற்றர் கொதித்து ஆவி கிளம்பியது. சம்மாட்டியார் காரை ஓரங்கட்டிப் பொனற்றைத் திறந்தார். பழைய பெல்ற் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"ஒண்டுமில்லை. இறங்குங்கோ," என்றார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இதற்குத்தானே பெட்டி கட்டினது.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. குருநகர்ச் சனம் நிரம்பிய லொறி. முன்னால் இருந்து எட்டிப் பார்த்தவர் நீக்கிலாப்பிள்ளைச் சம்மாட்டியார். கோயில் திருநாளில் சொரூபம் தூக்குகிற உரிமைக்காக இரண்டு வீட்டுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. ஏச்சு மட்டும் உண்டு.

"என்ன சம்மாட்டியார், கரையிலையே நங்கூரம் போட்டிட்டியளோ?"

லொறி சிரித்தது.

"நங்கூரம் வைச்சிருக்கிறவன் போடுவான். இல்லாதவன் லொறியிலை வாடகைக்குப் போவான்," என்று சொல்லிக்கொண்டே சம்மாட்டியார் பெட்டியைத் திறந்து, பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்தார். எண்ணெய் ஊறிய துணி பிரிந்தது.

உள்ளே இருந்தது பெல்ற் இல்லை, பெல்றின் பிணம். இரண்டு பங்கு தடித்து, ஊறின அட்டைபோல வீங்கி, பெருவிரல் பட்ட இடத்தில் களியாகக் குழிந்தது. இழுத்துப் பார்த்தார். நடுவில் நார் நாராகப் பிரிந்து வந்தது.

லொறியில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நீக்கிலாப்பிள்ளை கீழே இறங்கி வந்துவிட்டார். அந்தக் கண்கள் எல்லாம் தன் கையில் தொங்கிய கறுப்புக் களியில் இருப்பதைக் கண்டதும் சம்மாட்டியாருக்கு ஒன்றுதான் தோன்றியது. தன் பெட்டிக்குள் அழுகல் இருக்க முடியாது. அப்படியானால் யாரோ வைத்திருக்க வேண்டும். யார் கைக்குப் போய் வந்தது?

"சந்தியோகு. என்ரை பெல்ற் எங்கை?"

"உங்கடை கையிலைதானே இருக்கு மச்சான்."

"இது என்ரை பெல்றோ? புதுசை உன்ரை வானிலை கொழுவிப்போட்டு, உக்கினதைச் சுத்தித் தந்திருக்கிறாய்."

"நான் முடிச்சே அவிழ்க்கேல்லை."

"முடிச்சுப் போட உனக்குத் தெரியாதோ? நீயும் கடற்காரன்தானே." அவர் குரல் உப்பு வெளியைத் தாண்டிப் போனது. "எங்கடை வீட்டிலை இண்டைக்கு வரைக்கும் கள்ளன் இருக்கேல்லை. பெண் குடுத்து ஒரு கள்ளனைக் கூட்டிவந்து வைச்சிருக்கிறன்."

சந்தியோகு கையைத் துடைத்தான். காரின் பின்கதவைத் திறந்து தன்னுடைய பையை எடுத்தான். அதைப் பார்த்த லூர்த்தம்மா மாதாவுக்குக் கொண்டுவந்த பட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீக்கிலாப்பிள்ளையண்ணை, லொறியிலை இரண்டு பேருக்கு இடமிருக்கோ?"

"உங்களுக்கில்லாத இடமோ பிள்ளை. ஏறுங்கோ."

சம்மாட்டியாருக்கு இது பொறுக்கவில்லை. தன் தங்கை, தகப்பனார் சாகும்போது கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போன தங்கை, நீக்கிலாப்பிள்ளையின் லொறியில் மடுவுக்குப் போய் இறங்குவதா? குருநகர்ச் சனம் முழுவதும் அங்கே கூடாரம் அடித்திருக்கும். நாளைக்கு மறுநாள் சந்தையில் மீனுக்கு முன்னால் இந்தக் கதைதான் விலைபோகும். ஆனால் அவளைத் தடுப்பதென்றால் கள்ளன் என்று சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும். அவர் சொல்லைத் திருப்பி எடுத்ததை அவர் மனைவிகூடக் கண்டதில்லை.

"போறவை போகட்டும்," என்றார். பெட்டியைக் கட்டியிருந்த நைலோன் கயிற்றை எடுத்தார். கயிற்றைப் பெல்றாகப் பின்னிப் போட்டு, இவர்கள் எல்லோருக்கும் முன்னால் கார் ஓடிக் காட்டுவதாக எண்ணம். இழைகளைப் பிரித்தார். எத்தனையோ வள்ளக் கயிறுகளுக்கு முனையோடு முனை பின்னிய விரல்களுக்கு இப்போது ஆத்திரத்தில் அது பிடிபடவில்லை. ஒரு இழையைச் சொருகினால் மற்றது கழன்றது.

பெர்னடெட் அதுவரை திறந்த பெட்டியருகே குந்தியிருந்தாள். ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள், அடியிலிருந்து றேடியேற்றர் ஹோஸை எடுத்தாள். அதுவும் வீங்கியிருந்தது. அழுத்தினாள்; விரலின் அடையாளம் அப்படியே நின்றது.

"இஞ்சருங்கோ," என்றாள், தாழ்ந்த குரலில். "இந்தக் குழாயை ஆரும் இரவல் கேட்டவையோ?"

"இல்லை."

"அப்ப இதை ஆர் மாத்தினது?"

அவர் ஹோஸை வாங்கிப் பார்த்தார். ஸ்பானர்களைப் பார்த்தார். அவை மினுங்கின, ஒரு துளி துரு இல்லை. இரும்பெல்லாம் புதிதுபோல. றபரெல்லாம் களி. இரண்டிலும் ஒரே மணம். பெல்ற் துணியை எடுத்து முகர்ந்தார். அதைச் செய்திருக்கத் தேவையில்லை. அந்த மணம் அவர் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு வருடமும், அவிழ்த்துப் பார்க்காமல், தாராளமாக, தன் கையாலேயே ஊற்றியது. இரும்பைக் காத்த எண்ணெய் றபரைத் தின்றிருக்கிறது.

முதலில் அவருக்கு எண்ணெய் மேல் கோபம் வந்தது. பிறகு பெல்ற் இறக்க விடாத அரசாங்கத்தின் மேல். பிறகு இதைச் சொல்லித் தராமல் செத்துப்போன தகப்பனாரின் மேல். வேறு யாரும் மிஞ்சவில்லை என்று ஆனபோதுதான் திரும்பி லொறியைப் பார்த்தார். லூர்த்தம்மாவின் ஒரு கால் லொறிப் படியில் இருந்தது.

அவர் நடந்து போய்த் தங்கையின் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"இறங்கு. பிழை என்னிலை. எண்ணெய்தான் பழுதாக்கிப்போட்டுது."

லூர்த்தம்மா அசையவில்லை.

"கள்ளன் எண்டதை எந்தச் சத்தத்திலை சொன்னியள் அண்ணை?"

"லூர்த்து."

"லொறியிலை பின்னுக்கு இருக்கிற பிள்ளைத்தாச்சிக்கும் கேட்டது. இது எனக்கே கேட்கேல்லை. அந்தச் சத்தத்திலையே சொல்லுங்கோ. இல்லாட்டி நான் இதிலைதான் போறன். திரும்பி வந்தும் உங்கடை படலை திறக்கமாட்டன்."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. பெல்ற் இரவல் கேட்ட நாளில் கண்ணைக் கசக்கியவள் இவளல்ல. தகப்பனாரின் முகம் அப்படியே அவளில் நின்றது. அந்த முகத்துக்கு முன்னால் அவர் ஒருநாளும் வென்றதில்லை.

சம்மாட்டியார் முதுகை நிமிர்த்தினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். நீக்கிலாப்பிள்ளையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, வலை இழுக்கிற ஆட்களுக்குக் கட்டளை கொடுக்கிற குரலில் கத்தினார்:

"எல்லாரும் கேளுங்கோ. சந்தியோகு கள்ளனில்லை. பெல்றைக் கெடுத்தது நான். றபருக்குச் சுறா எண்ணெய் பூசின விசரன் நான். என்ரை வீட்டிலை கள்ளனில்லை, விசரன்தான் இருக்கிறான். ஆருக்கும் சிரிக்க வேணுமெண்டால் இப்ப சிரியுங்கோ. குருநகருக்குப் போய்ச் சிரிச்சால் பல்லு இராது."

யாரும் சிரிக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் போன வருசம் றபருக்கு வாளிக் கணக்கிலை பூசினனான்," என்றார். அதற்குத்தான் லொறி சிரித்தது. அவர் கொதித்த றேடியேற்றருக்கு ஊற்ற லொறியிலிருந்த தண்ணீர்ப் பீப்பாவை இறக்கச் சொன்னார். அந்த உப்புவெளியில் நல்ல தண்ணீரை வேண்டாமென்று சொல்ல முடியாது, சம்மாட்டியாரும் சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

லூர்த்தம்மா காலைப் படியிலிருந்து எடுத்தாள்.

சந்தியோகு பையைக் காருக்குள் வைத்துவிட்டு, சம்மாட்டியாரின் கையில் சிக்கலாகக் கிடந்த கயிற்றை வாங்கினான். "கள்ளன்ரை கையாலை பின்னினால் அறாதோ மச்சான்?" என்று கேட்டான். சிரிக்காமல்தான் கேட்டான். சந்தியோகு இழைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி, முடிச்சே தெரியாத ஒரு வளையமாகப் பின்னி முடித்தான். டைனமோவைத் தளர்த்தி வளையத்தை மாட்டி, மறுபடி நெம்பி இறுக்கியபோது, ஸ்பானரை எடுத்துக் கொடுத்தவர் சம்மாட்டியார்.

கார் ஓடியது. வழியில் எவரையும் முந்தவிடாத அந்தக் கார் நீக்கிலாப்பிள்ளையின் லொறிக்குப் பின்னால், அதன் புழுதியைத் தின்றுகொண்டு, மெல்ல ஊர்ந்தது.

பரந்தன் கழிந்ததும் சம்மாட்டியார் ஒரு கையால் உத்தரியக் கயிற்றைத் தடவி, பெட்டித் திறப்பைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் நீட்டினார்.

"இனிமேல் நீ அடுக்கு."

சந்தியோகு திறப்பை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"எண்ணெய் பூசட்டோ மச்சான்?"

பெர்னடெட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். லூர்த்தம்மா பட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள், தோள் குலுங்கியது.

"அந்த வாயாலை செபமாலையைத் தொடங்கு," என்றார் சம்மாட்டியார்.

சந்தியோகு தொடங்கினான். ஒவ்வொரு மந்திரத்துக்கும் மற்ற எல்லோரிலும் உரத்துப் பதில் சொன்னவர் சம்மாட்டியார்தான். யாரையோ ஏசுகிறவர்போலச் சொன்னார்.