துணைக்கு ஒரு சேவல்

தச்சநல்லூர் நடுத்தெருவில் பிறந்த பெண்ணோ, வாழ வந்த பெண்ணோ, துணையில்லாமல் நடந்தால் தெரு அவளைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் வீட்டு வாசலிலேயே விட்டுவிடும். இது எந்தக் காலத்தில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சங்கரிக்கு முன்னால் அங்கே எந்தப் பெண்ணும் தனியாகப் புறப்பட்டுப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு அப்பா, கல்லூரிக்கு அண்ணன் தம்பி, கோயிலுக்குப் புருஷன், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டால் பேரன் என்று யாராவது ஒருவர் கூடவே இருந்துகொண்டிருந்ததால், தெருவின் குணம் வெளியே தெரியாமலே கிடந்தது. சங்கரிக்கு முக்கூடல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. வேலையில் சேர வேண்டிய அன்று பார்த்து அவளுடைய அப்பா சங்கரசுப்பிரமணியன் காய்ச்சலில் படுத்துக்கொண்டார். அவள் ஒரே மகள், கூட்டிப் போக வேறு ஆள் இல்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, தெருமுக்கில் திரும்பக் காலை எடுத்து வைத்தாள். கால் அவள் வீட்டுப் படியில் விழுந்தது.

"என்னட்டி, என்னத்த மறந்துட்டு வந்தே? குடையா?" என்று கேட்டாள் அம்மா சொர்ணாம்பாள். இரண்டாம் தடவை, "பர்ஸா?" என்றாள். மூன்றாம் தடவை அவளே தெருமுக்கு வரை மகளோடு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எம் மக தனியாத்தான் போவா, வழிய விடு" என்று சத்தம் போட்டுச் சொன்னாள். பொம்பிளை பேச்சைக் கேட்டு அந்தத் தெருவுக்குப் பழக்கமே கிடையாது. தாயும் மகளும் சேர்ந்தே வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்புறம் ஆட்டோ வந்தது. ஓட்டுகிறவர் ஆண், அதனால் தெரு மறிக்கவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்தில் ஆட்டோவை விட்டு இறங்கிய கால் மறுபடியும் வீட்டுப் படியில். கடைசியில் பக்கத்து வீட்டு இரண்டு வயதுக் கண்ணனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனபோதுதான் தெரு கம்மென்று நேராகக் கிடந்தது. ஆசிரியர் அறையில் மூன்று பேர் மடியை நனைத்துவிட்டு அவனும் அவளோடு பத்திரமாகத் திரும்பி வந்தான்.

கண்ணனை அவன் அம்மா சாத்தான்குளத்துக்குத் தன் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் சங்கரி மறுபடியும் அகப்பட்டுக்கொண்டாள். காய்ச்சல் விட்ட அப்பாவால் தினமும் அவ்வளவு தூரம் கூட வந்து காத்துக் கிடக்க முடியவில்லை. நடந்து நடந்து பார்த்தாள். ஒரு நாள் அடுத்த தெருச் சேவல் ஒன்று தரையைக் கொத்திக்கொண்டே அவளுக்கு முன்னால் போனது. அதன் பின்னாலேயே போனவள் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டாள்! தெருவுக்கு ஆண் என்றால் ஆண், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அது சைவக் குடும்பங்களின் தெரு. முட்டை ஓடு குப்பையில் கிடந்தாலே பஞ்சாயத்து கூடும். அந்தச் சேவலை வாங்கி வீட்டுக்குள் விடுவதா என்று பிள்ளையார் கோயிலில் பெரிய பேச்சு நடந்தது. கோடி வீட்டு அருணாசலம் அண்ணாச்சிதான், "முருகன் கொடியில இருக்குது, நம்ம வீட்டுல இருந்தா என்னவே?" என்று தீர்த்து வைத்தார். சேவலுக்கு விபூதி பூசினார்கள், தயிர்சாதம் வைத்தார்கள். புழு தின்னக் கூடாது என்று சொல்லியும் வைத்தார்கள்.

நாலு வருஷம் அப்படியே ஓடியது. கக்கத்தில் சேவல், தோளில் பை, கையில் தூக்கு. பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று வந்துவிட்ட காலம். கண்டக்டர் மரியாதையாகத்தான் சொன்னார், "உங்களுக்கு வேண்டாம்க்கா, சேவலுக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுத்துருங்க. ஆம்பிளைல்லா." பள்ளிக்கூடத்தில் மேஜைக் காலில் கட்டிக் கிடக்கும். கயிறு அவிழ்ந்து மதில் தாண்டிப் போய்விட்டால் கரும்பலகையில் பாதிக் கணக்கோடு அவள் தச்சநல்லூர் வாசலில் நிற்பாள். அதனால் பாடம் நடத்தும்போதும் ஒரு கண் சேவல் மேலேயே இருந்தது. தோழியோடு ஒரு காப்பி குடிக்க வேண்டுமென்றாலும் அதுவும் வர வேண்டும். சங்கரிக்கு வேண்டியதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், கையை வீசிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ஆசையில் சில நாள் அழுதாள், சில நாள் சேவலைத் திட்டினாள்.

வழி என்ன என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இந்தத் தெரு ஆண்கள் தலைமுறை தலைமுறையாக, "தனியாப் போகாதே" என்று சொல்லிச் சொல்லித்தான் தெருவுக்குப் பாடமாகியிருக்கிறது. சொன்னவர்களே மாற்றிச் சொன்னால் விட்டுவிடும். வீட்டில் இருப்பவரோ லேசுப்பட்ட ஆள் இல்லை. சங்கரசுப்பிரமணியன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊர் ஊராகப் பட்டிமன்றங்களில் பெண் விடுதலை பேசிப் பொன்னாடை வாங்கியவர். அவர் பேச்சைக் கேட்டுப் பெண்கள் அழுதிருக்கிறார்கள். "நீ தனியாப் போயிட்டு வா" என்று தெருமுக்கில் நின்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "சொல்லுதேன்ட்டி, நல்ல நாளாப் பாத்துச் சொல்லுதேன்" என்றார். ஆடி வந்தது, ஆகாது என்றார். மார்கழி வந்தது, அதுவும் ஆகாது. தையில் மூட்டு வலி.

பள்ளி நிர்வாகம் அவள் வேலையை நிரந்தரமாக்குவதற்காக நேரில் வரச் சொல்லியிருந்த நாளும் வந்தது. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் சேவலைக் காணோம். அம்மாவையும் காணோம்.

அப்பா பதறிப்போய்விட்டார். "ஒங்கம்ம எங்கட்டி? காலங்காத்தால எங்க போனா? யாரு கூடப் போனா?"

"சேவலக் கூட்டிட்டுத்தான் போயிருக்காப்பா."

"அப்ப சரி" என்று பேப்பரை விரித்தார்.

சங்கரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பரைப் பிடுங்கி, அவரைக் கையைப் பிடித்துத் தெருமுக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "நீங்க கூட வர வேண்டாம், இன்னைக்குச் சொல்லணும்ப்பா. இன்னைக்கு விட்டா அந்த வேலை எனக்குக் கிடையாது. மேடையில மணிக்கணக்காப் பேசுதீங்கல்லா, எனக்காக ஒரு வார்த்தை." அவர் தொண்டையைச் செருமினார். "சங்கரி, நீ தனியாப் போயிட்டு வா" என்றார். கணீரென்றுதான் சொன்னார், சும்மா சொல்லக்கூடாது. தெரு ஒரு தடவை உடம்பை அசைத்து நிமிர்ந்தது. அவள் முக்கைத் தாண்டினாள். பலசரக்குக் கடையைத் தாண்டினாள். இரண்டு கையும் காலியாக நெடுஞ்சாலை வரை நடந்தாள். காற்று கக்கத்தில் பட்டது. பஸ் வருவது தெரிந்தது. தெருமுக்கில் நின்ற அப்பாவுக்கு, தூரத்தில் லாரிகளுக்கு நடுவே மகளின் சேலை சின்னதாகத் தெரிந்தது. "பாத்துப் போயிட்டு வாட்டி" என்றது வாய். அதோடு நின்றிருக்கலாம். "யாரையாச்சும் துணைக்குக் கூட்டிக்கோ!"

பஸ்ஸின் படியில் வைத்த கால் வீட்டுப் படியில் விழுந்தது. பத்து மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற கடைசிப் பஸ் அதுதான். அவர் தளர்ந்து நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடியும் சொல்லிப் பார்த்தார், மறுபடியும் அந்த வால் சேர்ந்தே வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார், விரலிடுக்கில் வந்தது. "எனக்குப் பயமா இருக்குட்டி, நான் என்ன செய்யட்டும்?" என்று அழுதுவிட்டார். அவருக்கு மகள் மேல் உயிர், அதில் பொய்யே கிடையாது. பத்து மணி அடித்தது. நிரந்தரமாக்குவதை அடுத்த வருஷம் பார்க்கலாம், அதுவரை பழையபடியே வரட்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போனில் சொன்னார்கள்.

சொர்ணாம்பாள் மத்தியானம் வந்தாள். தலை ஈரம், சேலை ஈரம், சேவலும் ஈரம். குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளித்திருக்கிறாள். அறுபது வயதுக்குள் தாமிரபரணியில் எத்தனையோ தடவை முங்கியிருக்கிறாள். "போதும் ஏறு" என்று கரையிலிருந்து யாரும் கூப்பிடாமல் குளித்தது அன்றுதான். சங்கரி காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வசவு ஒரு மூட்டை இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"இன்னைக்குத்தான் ஒனக்கு அந்த வேலையாட்டி?" என்று கேட்டாள் அம்மா, நினைவு வந்தவளாக.

"பரவால்லம்மா. நாளைக்கும் போறியா?"

"நாளைக்கு ஒனக்கு வேணும்லா."

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சங்கரசுப்பிரமணியன் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போனார். முட்டையைக்கூடத் தொட்டறியாத மனிதர் ஆடுகளுக்கும் கோழிகளுக்கும் நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து, வியாபாரியிடம் ஒரு தடவைக்கு நாலு தடவை, "ஆணுதானாவே? நல்லாப் பாத்துச் சொல்லும்" என்று கேட்டு, செவலை நிறத்தில் ஒன்றைப் பிடித்து வந்தார். அதை மனைவி கையில் கொடுத்து, "இனிமே ரெண்டு பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். சொர்ணாம்பாளும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் தாயும் மகளும் ஆளுக்கொரு சேவலோடு கிளம்பினார்கள். அவர் தெருமுக்கு வரை கூட வந்து, குனிந்து, இரண்டு சேவல்களிடமும், "பத்திரமாக் கூட்டிட்டுப் போயி, பத்திரமாக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.