ழானா எழுதிய பெயர்

கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாக அந்தப் பெண் படிவத்தைத் தள்ளினாள். பெயர் மாற்றப் படிவம். பழைய பெயர் என்ற கட்டத்தில் ‘ஒழி’ என்று இருந்தது. காரணம் என்ற கட்டத்தில், ‘மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வெறுப்பில் அப்பா வைத்தது’ என்று மணிமணியாக எழுதியிருந்தாள். புதிய பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். எழுதிக்கொண்டே வந்ததில் அந்த இடத்தில் கை நின்றுவிட்டது, இதோ யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

பிறப்புப் பதிவேட்டில் பெயர் எழுதுவதுதான் இருபத்தெட்டு வருடமாக என் வேலை. அலுவலகத்தில் எனக்கு ழானா என்று பட்டப்பெயர். யாராவது ழகரத்தை ளகரமாகச் சொல்லிவிட்டால் எனக்குப் பொறுக்காது. தள்ளுவண்டியில் ‘பளம்’ என்று கூவிக்கொண்டு வருபவரை நடுத்தெருவில் நிறுத்தி நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார். இன்னொரு கிறுக்கும் உண்டு. பெயர் எழுத வருகிறவர்களிடம் அர்த்தம் கேட்டுச் சின்ன நோட்டு ஒன்றில் குறித்துக்கொள்வேன். வேற்று நாட்டுக்காரர் ஒருவர் தன் குடும்பப் பெயருக்குக் கொல்லன் என்று அர்த்தம் என்றார். ஆனால் அவருடைய உள்ளங்கை பஞ்சு மாதிரி இருந்தது. பரம்பரையில் யாரோ அடித்த இரும்பை இவர் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறார் என்று எழுதிவைத்தேன். இதிலெல்லாம் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பெயரை மாற்ற வேண்டுமென்றால், அன்றைக்கு அதைப் பதிந்துவிட்டுப் போனவர் உயிரோடு இருக்கும்வரை அவரும் வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூட்டிக்கொண்டு வந்தாள் என்பதுகூடச் சரியில்லை. அவள் முன்னால் வந்தாள், அவர் பின்னால் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளையடிக்கிற தொழிலாளி. சட்டைக் காலரில் சுண்ணாம்புப் பொட்டுகள். பதிவேட்டை எடுத்து வர உள்ளே போனேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவேடு. பக்கத்தைத் திருப்பியதும் என் கையெழுத்து என்னைப் பார்த்தது. ழகரத்தின் வாலை இரண்டு கோடு தாண்டி இழுத்து விடுவது அந்த வயதில் என் பாணி. வாலைப் பார்த்ததும் அந்தக் காலை நேரம் முழுசாக ஞாபகம் வந்துவிட்டது. அதே சுண்ணாம்புச் சட்டை. “மூணாவதும் பொண்ணுதான் சார். ஒளின்னு எழுதிக்குங்க” என்றார். அதற்கு முந்தின வாரம்தான் ஒருவர் தன் ஐந்தாவது மகளுக்குப் ‘போதும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இவரும் அந்த ரகம் என்று தீர்மானித்துவிட்டேன். பழத்தைப் பளம் என்கிற வாய், ஒழி என்பதை ஒளி என்று சொல்கிறது, எனக்கா தெரியாது என்று நினைத்தேன். எழுதி முடித்து, விதிப்படி, ‘ஒழி’ என்று நாக்கை நன்றாக மடித்து அவருக்குப் படித்தும் காட்டினேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார். என்ன ஜென்மம் இது என்று எனக்குள் கரித்துக்கொட்டினேன். ஊரையெல்லாம் அர்த்தம் கேட்கிற நான் அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

இது இவ்வளவு நாளும் எனக்குத் தோன்றியதே இல்லை. பதிவேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் தோன்றியது.

திரும்பி வந்து, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதானாம். அக்காக்கள் இரண்டு பேருக்கும் பூப் பெயர்களாம். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியை அவள் பெயரை மட்டும் மெதுவாகச் சொல்வாராம், வகுப்பு மொத்தமும் சத்தமாகச் சொல்லுமாம்.

“பத்து வயசுல அவர்கிட்டயே கேட்டேன் சார், ஏம்ப்பா எனக்கு ஒழின்னு பேரு வெச்சேன்னு. ஆசைப்பட்டுத்தான் வெச்சேன்னு சிரிச்சாரு. அன்னையோட சரி. சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான் எங்க பேச்சு.”

மை டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவளும் பின்னால் வந்து கதவருகே நின்றாள். அவர் சட்டென்று எழுந்து, கேட்காமலே கட்டைவிரலை நீட்டினார். உட்காரச் சொன்னேன். உங்கள் பெண்ணின் பெயரை ஒரு தரம் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அதே ளகரம்.

“அதுக்கு என்னங்க அர்த்தம்?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “வெளிச்சம்தான் சார். வேற என்ன? பெரியவளுங்களுக்கு எங்கம்மா பேரு வெச்சாங்க. இவளுக்கு மட்டும் நானா யோசிச்சு வெச்சேன்.” பிறகு குரலைத் தணித்து, “அவளுக்கு ஏனோ பிடிக்கல. பிடிச்சதா மாத்திக்கட்டும், நான் கை வெக்கிறேன்” என்றார்.

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கைநாட்டு, முத்திரை, மதியத்துக்குள் வேலை முடிந்திருக்கும். எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம். அந்தக் கணக்கையும் போட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, ழகரத்தின் வால்மேல் விரலை வைத்தேன்.

“அம்மா, இது அவர் வெச்சதில்ல. நான் எழுதினது. அவர் ஒளின்னுதான் சொன்னாரு. நான்தான் திருத்திட்டேன்.”

திட்டுவாள், அழுவாள், குறைந்தபட்சம் மேலதிகாரி எங்கே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசிப் பன்னெண்டு வருஷம் சார்” என்றாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிக் கேட்பதும் என் பாரத்தை அவள் தலையில் இறக்குவதுதான் என்று பட்டது, விட்டுவிட்டேன்.

அலமாரியிலிருந்து இன்னொரு படிவம் எடுத்தேன். எழுத்துப் பிழைத் திருத்தம். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதை ஒருமுறைகூட எனக்காக எடுத்ததில்லை. பிழை செய்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். விசாரணை வரும். வரட்டும். அந்தப் பன்னிரண்டு வருடத்தை எந்தப் படிவத்தில் எழுதிச் சரிசெய்வது? இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது வேண்டுமோ அதில் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவள் பேனாவை இரண்டுக்கும் நடுவே வைத்துவிட்டு வெளியே போனாள்.

பெஞ்சில் அவருக்கும் தனக்கும் இடையே ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். அவர் அவசரமாகச் சட்டைக் காலரைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவள் ஏதோ கேட்டாள். அவர் புரியாமல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் சொன்னார். அவளும் அதையே திருப்பிச் சொல்வது போலிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வராது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ளகரத்துக்கும் ழகரத்துக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது.