ஓடுகிற ஸ்கோப்

ரகுபதி சார் பஜ்ஜி தின்ற கையைக் கழுவாமலே ஸ்கோப்பின் திரையில் விரலை வைத்துத் தேய்த்தார். எண்ணெய் கண்ணாடி முழுக்க இழுவிக்கொண்டது. சீ என்றிருந்தது எனக்கு. ஸ்டோர்ஸ் அதிகாரி, அவர் அதன்மேல் தும்மியிருந்தாலும் நான் வாயைத் திறக்க முடியாது.

"இன்னா முத்துச்செல்வி, நெசமாவே ஓடுதே!"

அலையைப் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் அந்தப் பழைய ஆசிலோஸ்கோப், ஒரகடத்தில் எங்கள் டி.வி. கம்பெனியின் ஸ்கிராப் கொட்டகையில் எலிப் புழுக்கையோடு கிடந்தது. எடைக்குப் போடுகிற அன்றைக்கு எனக்கே தந்துவிடுவதாக ரகுபதி சார் வாக்குக் கொடுத்திருந்தார். படப்பையில் நானும் சந்திரலேகாவும் இருக்கிற வாடகை அறையில், கட்டிலுக்கடியில்தான் என் பட்டறை. ரிச்சி தெருவில் டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் பொறுக்கி வந்து, எல்லாம் அடங்கிய ஐ.சி. சில்லு வைக்காமல் ஒவ்வொன்றாகப் பற்றவைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டுவேன். ஷிஃப்ட் முழுக்க போர்டின் ஒரே மூலையை டெஸ்ட் செய்கிறவளுக்கு, முதலிலிருந்து கடைசிவரை தன் கையால் செய்தது ஒன்று பாட வேண்டும் என்று ஒரு வெறி. இந்தத் தடவை பாட்டில் ஒரு கரகரப்பு. மீட்டர் வோல்டேஜ் சரி என்கிறது. கரகரப்பு எந்த இடத்தில் கலக்கிறது என்பது அலையைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஸ்கோப் இல்லாமல் நான் செய்வதெல்லாம் குருட்டு வேலை.

"வளையல் வாங்குத வயசுல கண்டன்சர் வாங்குதா பாரு," என்பாள் சந்திரலேகா. "ஏட்டி, ஒன்ன எவன் கெட்டிக்கிடுவான்?"

சாப்பாட்டு நேரங்களில் கொட்டகையில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். உப்பிப்போன கண்டன்சர்களை மாற்றினேன். இன்றைக்குப் பச்சைக் கோடு வந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் ரகுபதி சாரைக் கூட்டி வந்து காட்டினேன். கை தட்டினார். நேராகப் போய் மேனேஜரிடம் சொன்னார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"ஓடுற மெஷின்னா ரூல் வேற கீதும்மா. செத்தது முழுசாப் போலாம். ஓடுறது கேட்டத் தாண்டணும்னா ஒடைச்சிதான் அனுப்பணும். வேற கம்பெனிக்காரன் வாங்கி வேலைக்கு வச்சிக்குவான்ல?"

"நீங்கதான சார் தாரேன்னிய?"

"ஓடாதத தரேன்னேன். உன்ன யாரு ஓட வைக்கச் சொன்னா?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

"திரும்பக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க சார். இப்பமே ஒரு வயரப் பிடுங்கிருதேன்."

"மேனேஜர்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா? என்கிட்ட அந்தப் பழக்கம் கிடையாதும்மா."

கம்பெனியின் செப்பு வயர் இவர் வண்டிப் பெட்டியில் போவது கேட்டிலிருந்து கேன்டீன்வரை எல்லோருக்கும் தெரியும். சாத்தான் வேதம் ஓதுகிறது.

மறுநாள் ஸ்கோப்பை உடைக்கக் கொட்டகை வாசலில் கூட்டம். மேனேஜர், செக்யூரிட்டிகள், உடைத்ததற்குச் சாட்சியாகப் போட்டோ எடுக்க ஆபீஸ் வெங்கடேசன். கேன்டீனிலிருந்து டீயும் சமோசாவும் வேறு. கல்யாண வீடு கெட்டது போங்கள். ஆனால் சுத்தியலை எவனும் தொடவில்லை. பிக்சர் டியூப் வெடித்தால் கண்ணு போய்விடுமாம்.

"உனக்குத்தாம்மா தொழில் தெரியும்," ரகுபதி சார் சுத்தியலை என்னிடம் நீட்டினார். என் கண் போனால் பரவாயில்லை போலிருக்கிறது.

மாட்டேன் என்றால் நாளைக்கே லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள். கூறுகெட்டவன் எவனாவது கண்டபடி அடித்துத் தொலைப்பான். டியூப்பின் மேல் சாக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கி ஒன்று வைத்தேன். உள்ளே டப்பென்றது. அவ்வளவுதான். மேனேஜர் சமோசாவை மென்றபடியே "வெரி குட்" என்றார். வாயோரத்தில் மசாலா.

வெங்கடேசன் கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "சாக்கு மறைச்சிக்கினு கீது. ஒடையிறதே தெரியல. அத எடுத்துட்டு இன்னொரு தபா அடிங்க மேடம்."

"அதான் உடஞ்சிட்டுல்லா."

"போட்டோல ஒடையணும்ல?" என்றார் ரகுபதி சார்.

சாக்கை விலக்கினேன். திரை இருந்த இடத்தில் ஓட்டை. எல்லோரும் படத்தில் விழுவதற்காக நெருங்கி வந்து நின்றார்கள். மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"முகத்தக் கொஞ்சம் சிரிச்சாப்ல வைங்க மேடம். அசையாதீங்க."

சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் போதும் என்று சொல்வதற்காகக் காத்து நின்றேன்.